அகப்பையைப் பார்த்து வாங்குங்கள்

கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்தை ஒட்டிய கடைத்தெருவில் சங்குக்கும் சிப்பி மாலைக்கும் நடுவே சிரட்டையில் செய்த சாமான்களும் தொங்குகின்றன. குரங்கு, ஆமை, மேசை விளக்கு, கூடவே அகப்பையும். எல்லாவற்றின் மேலும் கனமாக வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். சமையலுக்கு ஆகுமா என்று கேட்டால் கடைக்காரர்கள் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்: "இது சும்மா அழகுக்குத்தான் சார்." சொல்வது உண்மைதான். கொதிக்கிற ரசத்தில் நாலு தடவை முக்கினால் அந்த வார்னிஷ் உரிந்து வந்துவிடும். வடக்கிலிருந்து வரும் பயணி அதை வாங்கிப்போய் வரவேற்பறையில் மாட்டி வைப்பார். இங்கேயோ, ஊரைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பு வீடுகளில் கறுப்பு நைலான் கரண்டி மீன்குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

தேங்காய் இல்லாமல் ஒரு வேளைக் கறி வைக்கத் தெரியாத ஊர் நாஞ்சில் நாடு. அவியல், தீயல், துவையல், மீன்கறி எல்லாம் தேங்காயில்தான் தொடங்குகின்றன. இந்த மண்ணில் சிரட்டை அகப்பை அடுக்களையை விட்டு இறங்கி அலங்காரச் சாமானாகிப் போனது எனக்குப் பெரிய வருத்தம். பழையதெல்லாம் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. நல்ல அகப்பையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துவிட்டார்கள். வாங்குகிறவருக்குத் தரம் தெரியாவிட்டால் செய்கிறவர் எதற்காக மெனக்கெடுவார்? அதனால்தான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியை, எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கே கொடுக்கிறேன்.

தினமும் கையில் எடுக்கிற சாப்பாட்டுக் கருவியை அக்கறையாகத் தேர்ந்தெடுப்பதில் ஜப்பானியர்கள் நமக்கு முன்னால் நிற்கிறார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாப்ஸ்டிக் ஜோடி உண்டு. அப்பாவின் குச்சியை மகள் எடுப்பதில்லை. குழந்தை வளர வளரக் குச்சியும் நீளமாகும். அளவுக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்குத்தாக விரித்தால் இரு நுனிகளுக்கும் இடையே வருகிற தூரம், அதைப்போல ஒன்றரை மடங்கு. ஃபுக்குயி மாகாணத்தில் ஒபாமா என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. சிப்பித் துணுக்குகளைப் பதித்து, அடுக்கடுக்காக அரக்குப் பூசித் தேய்த்தெடுக்கும் வாகாசா குச்சிகளுக்குப் பேர்போன ஊர். அழகுக்குப் பேர் வாங்கியும் அந்தக் குச்சிகள் சாப்பாட்டு மேசையை விட்டுப் போகவில்லை. ஆகஸ்ட் 4-ம் தேதியைக் குச்சிகளின் நாளாகவே கொண்டாடுகிறார்கள். அதே ஜப்பானில்தான், சாப்பிட்டதும் வீசியெறிகிற மரக்குச்சியும் உணவகங்களில் மலைபோலக் குவிந்தது. சீனாவில் அது காட்டை அழிக்கிற பிரச்சினையாகி, 2006 ஏப்ரலில் ஒருமுறைக் குச்சிகளுக்கு 5 சதவீத வரி போட்டார்கள்.

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், குச்சி நமக்கு வேண்டாம். ஆனால் கஞ்சியைக் கையால் அள்ள முடியாது. அதற்கு இந்த மாவட்டம் கண்ட வழி பிலாவிலை, அதாவது பலா இலை. முற்றிய இலையொன்றைப் பறித்து, ஒரு முனையைக் கூம்பாக மடக்கி, ஓலை ஈர்க்கிலைக் கிள்ளிக் குத்தினால் கரண்டி தயார். சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, ஓரத்தில் தேங்காய்த் துவையல். சூடான கஞ்சியை இலையில் கோரி வாயில் வைத்தால் உதடு சுடாது, எவர்சில்வர் ஸ்பூன் போல உலோக வாடை அடிக்காது. சாப்பிட்டு முடித்த இலையை வீட்டு ஆடு தின்றுவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கப் பிளாஸ்டிக் ஸ்பூன், முள்கரண்டிக்கும் தடை. அதற்கு மாற்றைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார்கள். விசேஷ வீட்டில் கஞ்சி பரிமாறுகிறவர்கள் கொல்லைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும்.

பிலாவிலை ஒரு வேளைக்கானது. ஆண்டுக்கணக்கில் கூட வருவது அகப்பை. மேற்கே விளவங்கோடு பக்கம் தவி என்பார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

முதலில் ஓடு. தேங்காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். இளசாகப் பறித்த தேங்காயின் சிரட்டை வெளிறி, மெலிந்து இருக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டாது, விரிசல் விடும். முற்றியதன் ஓடு கருத்த பழுப்பு நிறம், விளிம்பில் நகத்தை வைத்து அழுத்தினால் தடம் பதியாது. தேங்காயை உடைத்தால் கண்ணுள்ள முறி ஒன்று, கண்ணில்லாத முறி ஒன்று கிடைக்கும். அகப்பைக்குக் கண்ணில்லாததுதான் சரி. மூன்று கண்ணில் ஒன்று எப்போதும் மெலிந்தது. முளை வெளியே வருவதற்கென்றே தென்னை விட்டுவைத்த வாசல் அது, நாளாக ஆக அந்த இடம் குழம்பைக் கசியவிடும்.

வடசேரி சந்தையில் ஒரு வயதான அம்மா ஓலைப்பெட்டியோடு அகப்பையும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நான் காம்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மக்ளே, கம்பப் பாத்து என்னத்துக்கு? தண்ணி கோரிப் பாரு" என்று பக்கத்திலிருந்த வாளியைக் காட்டினார். கோரினேன். நிறைந்த அகப்பையைச் சட்டியின் மேல் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னார். என் கையில் அது மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் வழிந்தது. காம்பு உருட்டுக் கம்பாக இருந்ததுதான் காரணம். அவர் எடுத்துத் தந்த இன்னொன்றில் காம்பு இருபுறமும் தட்டையாகச் சீவியிருந்தது. நிறைய கோரியும் உள்ளங்கையில் புரளவில்லை. பிறகு ஓட்டை விரல் முட்டியால் தட்டிக் காண்பித்தார். முழு ஓடு கணீரென்று பேசும், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். கடைசியாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எங்காவது வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்த்தார். நான் இன்றுவரை இந்த மூன்றையும் விடாமல் செய்கிறேன். தண்ணீர், சத்தம், வெளிச்சம்.

அடுத்தது குழிவு. சரி பாதியாக உடைத்த சிரட்டை கஞ்சிக்கும் சாம்பாருக்கும் ஆழம் அதிகம். கோரியதை ஊற்றும்போது அடியில் ஒரு மடக்கு தங்கிவிடும், பருப்பு ஒட்டிக்கொள்ளும். விளிம்பை இன்னும் கொஞ்சம் இறக்கி அறுத்ததுதான் பரிமாற வசதி. அவியல் கிளறுவதற்கு இன்னும் தட்டையானது வேண்டும், இல்லாவிட்டால் ஏத்தங்காயும் சேனையும் உடைந்து கூழாகிவிடும். விளிம்பைத் தேய்த்து உருட்டியிருக்கிறார்களா என்று விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அறுத்தபடியே விட்டிருந்தால் மண்சட்டியின் அடியைச் சுரண்டும்.

ஓட்டின் வெளிப்பக்கம் கதம்பல் நார் ஒட்டாமல் சுத்தமாகச் சீவியிருக்க வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, அதன் பிறகு உப்புத்தாள் போடுவது இப்போதைய வழக்கம். உப்புத்தாள் வராத காலத்தில் பராய் மரத்து இலை அந்த வேலையைச் செய்தது. கன்றுக்குட்டியின் நாக்கு மாதிரி சொரசொரப்பான இலை அது. நார் மிச்சமிருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஏறி உட்கார்ந்து, எத்தனை கழுவினாலும் போகாது. உள்பக்கமும் அப்படியே. தேங்காய்ப் பருப்பின் தோல் ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் காறல் வாடை அடிக்கும்.

காம்புக்கு மூங்கிலும் கமுகும் நல்லவை. பனையின் கருத்த வைரம் கிடைத்தால் விடக்கூடாது. மாங்கட்டை ஈரத்தை உறிஞ்சிச் சீக்கிரம் உளுத்துப்போகும். ஓட்டோடு காம்பு சேருகிற இடத்தைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். பழைய வேலைப்பாட்டில் ஓட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு துளை போட்டிருப்பார்கள். காம்பு ஒன்றில் நுழைந்து, மற்றதில் முனை இறுகி நிற்கும். ஆணி, பசை எதுவும் வேண்டாம். காம்பு உளுத்தால் உருவியெடுத்து வேறு செருகிக்கொள்ளலாம். ஓடு பத்து வருஷமானாலும் அப்படியே இருக்கும். இப்போது வருபவை பெரும்பாலும் திருகாணி போட்டவை. பித்தளைத் திருகாணி பரவாயில்லை. இரும்பு என்றால் புளிக்கறி அதை ஒரே மாதத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். பசை மட்டும் போட்டு ஒட்டியதை வாங்கவே வேண்டாம், கொதிநீர் பட்டால் அது இளகும். இளகியது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நீளத்துக்கு ஜப்பானியர் கையை அளந்த மாதிரி நாம் பானையை அளக்க வேண்டும். பானையின் ஆழத்தோடு ஒரு சாண் சேர்த்தால் காம்பின் நீளம் வந்துவிடும். அதற்குக் குறைந்தால் ஆவி கையைச் சுடும், விட்டால் அகப்பை உள்ளே விழும். நீளம் கூடினால் சின்னச் சட்டியை நிறைந்த அகப்பையே சாய்த்துவிடும். கஞ்சிப் பானைக்கு ஒன்று, மீன்சட்டிக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று என்று மூன்றேனும் இருந்தால்தான் அடுக்களை ஓடும். மீனுக்குள்ளதை மற்றதோடு கலக்காதீர்கள். என்ன தேய்த்தாலும் மீன் வாடை லேசில் போகாது.

வாங்கிவந்த அன்றைக்கே கல்லுப்பும் கொஞ்சம் புளியும் போட்ட தண்ணீரில் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் போதும். இரவு முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவதைப் போல அகப்பையைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை. ஐப்பசி மழையில் காம்புத் துளையில் பூஞ்சை கட்டும். அப்போது சாம்பலும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெயில் வந்த அன்று முற்றத்தில் காய வைத்தால் சரியாகும். துளைக்குள் கறுப்பு இறங்கிவிட்டால் காம்பை மாற்றிவிடுங்கள். ஓடு விரிந்துவிட்டால் யோசிக்காமல் அடுப்பில் போடுங்கள். சிரட்டைக் கனல் மாதிரி கனல் வேறெதுவும் தராது.

எவர்சில்வர் கரண்டி என்ன பாவம் செய்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பாவமும் செய்யவில்லை. சோறு வடிக்கவும் பொரித்தெடுக்கவும் அது வேண்டும். ஆனால் மண்சட்டியில் மீன்குழம்பு வைக்கிற வீட்டில் எஃகுக் கரண்டி சட்டியின் வாயை இடித்து இடித்துச் சிதைக்கும், நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சையும் கீறும். எஃகு வெப்பத்தைக் கடத்துகிற வேகத்தில் மரத்துக்கு ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதனால்தான் கொதிக்கிற சட்டியில் அரைமணி நேரம் கிடந்த அகப்பைக் காம்பை வெறுங்கையால் எடுக்க முடிகிறது.

நைலானைப் பற்றிச் சொல்லும்போது அளந்து சொல்ல வேண்டும். ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் ஒரு எச்சரிக்கை விடுத்தது. நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த சமையல் கருவிகளிலிருந்து, 70 டிகிரி செல்சியஸுக்கு மேலே, அந்தப் பிளாஸ்டிக்கின் சிறு மூலக்கூறுகள் உணவில் இறங்கக்கூடும், சூடான உணவோடு அவை படும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2024 அக்டோபரில் கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டிகளைப் பற்றி 'கீமோஸ்பியர்' ஆய்விதழில் வந்த கட்டுரை உலகெங்கும் பரபரப்பானது. பழைய மின்னணுச் சாதனங்களின் பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததால், தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ரசாயனங்கள் கரண்டிவரை வந்திருக்கின்றன என்றது அது. பிறகு அந்தக் கட்டுரையின் கணக்கில் ஒரு சுழி தவறியிருந்தது தெரிந்து, டிசம்பரில் திருத்தம் வெளியானது. ஆபத்தின் அளவு முதலில் சொன்னதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ரசாயனங்கள் கரண்டியில் இருந்தது மட்டும் மாறவில்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கொதிக்கிற புளிக்கறியில் தினமும் முங்குகிற பொருள் எதிலிருந்து வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது. சிரட்டை எந்த மரத்திலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும், பல வீடுகளில் அந்த மரமே முற்றத்தில் நிற்கிறது.

அப்படியும் சிரட்டை மலிவான பொருள் என்று இனிமேல் நினைக்க முடியாது. சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் தண்ணீர் வடிகட்டியிலிருந்து தங்கம் பிரித்தெடுப்பதுவரை பயன்படுகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. 2025-ல் தேங்காய் விலை ஏறியபோது சிரட்டைக்கும் கிராக்கி கூடியது. அடுப்பில் எரித்ததையும் வாசலில் வீசியதையும் இப்போது சாக்கில் கட்டி எடைக்குப் போடுகிறார்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காய் பெரியது, ஓடும் பெரியது. அகப்பைக்கு இதைவிட நல்ல ஓடு எங்கே கிடைக்கும்? அந்த ஓடும் கரிச் சூளைக்குத்தான் போகிறது. சூளைக்குப் போகும் சிரட்டைக்கு எடைக்குத்தான் காசு. அகப்பையாகும் சிரட்டைக்கு உழைப்புக்கும் காசு கிடைக்கும், கிடைக்க வேண்டும். ஒரு நல்ல அகப்பைக்கு ஓட்டைத் தேர்ந்து, அறுத்து, சுரண்டி, தேய்த்து, துளை போட்டு, காம்பு சீவிச் செருக அரை நாள் போய்விடும். நைலான் கரண்டி விலைக்கு அதைக் கேட்பது நியாயமில்லை. சந்தையில் அகப்பைக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள், பெரிய கடையில் பிளாஸ்டிக்குக்கு ஸ்டிக்கரில் போட்ட விலையை அப்படியே கொடுக்கிறார்கள்.

தரம் பிரித்து நல்ல விலைக்கு விற்பதில் இந்த மாவட்டத்துக்கு முன்னனுபவம் இருக்கிறது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் அங்கிருந்து வீடுவீடாகப் பரவின. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது விற்ற விதம். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சந்தையில் நிற்காமல், கூட்டுறவாகச் சேர்ந்து, முட்டையையும் தேனையும் தரம் பிரித்து விற்றார்கள். தரம் தெரிந்ததால் வாங்குகிறவர் நம்பினார், நம்பியதால் விலை கிடைத்தது. மார்த்தாண்டம் தேன் என்றால் இன்றும் ஒரு மதிப்பு இருப்பதற்கு அந்த அடித்தளம்தான் காரணம். வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அதைச் செய்கிறவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அகப்பை செய்கிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர் செய்ததும், வார்னிஷ் பூசிய பொம்மை அகப்பையும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் சிரட்டை வேலை கற்றுக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் கைப்பிடியில்லாத கிண்ணம், சாவிக்கொத்து, பூச்சாடி என்று பரிசுப் பொருளாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். பயணி வாழ்நாளில் ஒருமுறை வாங்குகிறவர். உள்ளூர்க்காரர் அகப்பையும் காம்பும் தேய தேயத் திரும்பத் திரும்ப வருகிறவர். முதலில் அவருக்கான பொருளைச் செய்யட்டும். கண்ணில்லாத முறி, வார்னிஷ் இல்லாத ஓடு, தேங்காயெண்ணெய் மட்டும், மாற்றக்கூடிய காம்பு. இந்த நாலும் இருந்தால் ஒரு முத்திரை, கஞ்சிக்கு, குழம்புக்கு, அவியலுக்கு என்று மூன்று அளவு. இதைச் செய்ய அரசாணை எதுவும் வேண்டாம். கொச்சியில் தலைமையகம் வைத்து 1981 முதல் இயங்குகிற தென்னை வளர்ச்சி வாரியமோ, மாவட்ட மகளிர் திட்டமோ ஒரு கூட்டம் போட்டாலே ஆகிவிடும். உழவர் சந்தையிலும் மகளிர் குழுக் கடைகளிலும் அலங்காரப் பொருளை ஒரு பக்கமும் அடுக்களைப் பொருளை ஒரு பக்கமும் பிரித்து வைக்கட்டும். அகப்பை இருக்கிற பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைக்கட்டும். பழைய அகப்பையைக் கொண்டுவந்தால் புதுக் காம்பு போட்டுத் தருவதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒருவர் அங்கே உட்காரட்டும். அதற்கு இருபது ரூபாய் கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்கிறது, நான் கொடுப்பேன்.